ரஹிமா, வயது முப்பத்தொன்று, இடது காது

1. யார் யார் இருந்தோம்

அந்த வியாழக்கிழமை காலை செங்கல்பட்டு எக்ஸ்ரே கடையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். படம் எடுக்கும் முதலாளி தணிகாசலம். டார்க் ரூம் வேலையும் ரெஜிஸ்டரும் பார்த்த நான், ஏகாம்பரம். கோவளத்தில் வலை நூல் வியாபாரம் செய்த கமால் பாய். அவர் மகள் ஜெய்புன்னிசா, வயது பதினெட்டு. அவர் மருமகள் ரஹிமா, வயது முப்பத்தொன்று. ரஹிமாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை. வாசல் பெஞ்சில் மணிக்கட்டு வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு லாரி கிளீனர். குழந்தையோடு ஏழு பேர். எட்டாவது ஆள் கிடையாது.

இதை இவ்வளவு கறாராக எழுதக் காரணம் உண்டு. பிறகு இந்த விஷயத்தைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் தாங்களும் அன்று அங்கே இருந்ததாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் எட்டிப் பார்த்ததாகக்கூட ஒரு பேச்சு வந்தது. அப்படி யாரும் இல்லை. ரெஜிஸ்டரில் பேரை எழுதியவன் நான். எழுதச் சொன்னவர் கமால் பாய். மற்றவர்களுக்கு இதில் பங்கு இல்லை.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எக்ஸ்ரே வேலையைச் சர்டிபிகேட் வாங்கிப் படிக்கவில்லை, முதலாளி பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். அதனாலேயே எனக்கு எப்போதும் ஒரு பயம். படம் கழுவும் டெவலப்பர் சூடாகிவிட்டதோ, கதவு இடுக்கில் வெளிச்சம் வருகிறதோ, ஈய எழுத்தை மாற்றி வைத்துவிட்டோமோ என்று ஒரு படத்துக்கு நாலு தடவை பார்ப்பேன். முதலாளி, "இன்னாடா, படம் கழுவறியா, பாவம் கழுவறியா" என்பார். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தவன் கையால்தான் இது நடந்தது.

2. காதுப் படம்

இன்று டெக்னீஷியன் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துக் காதுப் படம் தெரிந்திருக்காது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

காதில் வருடக்கணக்காகச் சீழ் வந்தால், காதுக்குப் பின்னால் இருக்கும் மேஸ்டாய்டு எலும்புக்குள்ளும் புண் போய்விடும். அதை ஆபரேஷன் செய்து சுத்தம் பண்ண வேண்டும். அந்த எலும்புக்கு மேலே மூளை. பின்னால் சைனஸ் என்கிற பெரிய ரத்தக் குழாய். உள்ளே முகத்துக்குப் போகும் நரம்பு. எல்லாம் விரல் கடை தூரத்துக்குள். ஆளுக்கு ஆள் அந்த இடம் மாறும். அதனால் டாக்டர் கத்தி எடுப்பதற்கு முன்னால் எங்கள் படத்தைப் பார்த்துத்தான் எந்தப் பக்கமாகப் போவது என்று முடிவு செய்வார்.

ஒரே பிலிமில் பாதியை ஈயத் தகட்டால் மூடி, வலது காது ஒரு பாதி, இடது காது ஒரு பாதி எடுப்போம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலை முன்பக்கம் மடித்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மடலின் நிழல் எலும்பின் மேல் விழும். டியூபை இருபத்தைந்து டிகிரி சாய்க்க வேண்டும். மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். பிலிமில் நம்பரும் எல், ஆர் எழுத்தும் ஈயத்தில் விழும். பேர், வயது எல்லாம் படம் காய்ந்த பிறகு நான் வெள்ளை மையில் எழுதுவது.

காது டாக்டர் மெட்ராஸிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். ஏரிப் பக்கம் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் காலையில் ஆபரேஷன், சாயங்காலம் நோயாளிகளைப் பார்ப்பார். படங்களை நோயாளிகள் கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒருவர் படத்தைச் சுருட்டிக் குடைக்குள் சொருகிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து, அந்த வாரத்துப் படங்களைக் கட்டாகக் கட்டி, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நானே சைக்கிளில் கொண்டுபோய் நர்ஸிங் ஹோமில் கொடுத்துவிட்டு வருவேன்.

3. பேர்

கமால் பாய் டாக்டரின் சீட்டை மேஜைமேல் வைத்தார். ஜெய்புன்னிசா, பதினெட்டு, இரண்டு மேஸ்டாய்டும் எடுக்கவும், இடது பக்கம் சனிக்கிழமை ஆபரேஷன் என்று இருந்தது. நான் ரெஜிஸ்டரைத் திறந்து பேனாவைத் தொட்டேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, அந்தப் பேர எழுதாத."

"ஏன் பாய்?"

"பொண்ணுக்கு நிக்காஹ் பேசி முடிச்சிட்டோம். மாப்பிள்ள வூடு இந்த ஊருதான். ஒங்க கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஜவுளிக்கடை வச்சிருக்காரே இஸ்மாயில் பாய், அவரு தங்கச்சி புள்ளதான் மாப்பிள்ள. காதுல சீழு வர்றது அவங்களுக்குத் தெரியாது. பொண்ணு செய்யூர்ல மாமி வூட்டுல இருக்குதுன்னு சொல்லி வச்சிருக்கோம். ஒங்க பொஸ்தகம் எந்நேரமும் மேஜைமேல தொறந்து கெடக்குது. அவரு இங்க டீ குடிக்க வர்ற ஆளு. பாத்துட்டா இன்னா பண்றது?"

அவர் சொன்னது நிஜம்தான். இஸ்மாயில் பாய் தினமும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து முதலாளியோடு பேசுகிறவர். பேசிக்கொண்டே ரெஜிஸ்டரைப் புரட்டுவார். யாருக்கு எந்தக் கை ஒடிந்தது என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு ஒரு ருசி.

"அப்ப யார் பேர எழுதறது பாய்?"

"இதோ, என் மருமவ கீதே. ரஹிமான்னு எழுது. வயசும் அதோடதே போடு. கல்யாணமாயி நாலு புள்ள பெத்தவளுக்குக் காதுல எது வந்தா எவன் கேக்கப் போறான்?"

ரஹிமா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "எழுதுங்க. எனக்கு வராத வியாதியா," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இதெல்லாம் அந்தக் காலத்தில் நடக்கிற விஷயம். வயதுப் பெண்ணுக்கு மார்புப் படம் எடுத்தால் அம்மா பேரில் எடுப்பார்கள். எங்கள் ஜாதியிலும் செய்தார்கள், அவர்களிலும் செய்தார்கள். மார்புப் படத்தைப் பார்த்து மருந்துதான் எழுதுவார்கள், மருந்து வீட்டுக்குப் போய் யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போய்விடும். ஆபரேஷனுக்குப் போகிற படம் வேறு என்று எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. ரஹிமா, முப்பத்தொன்று, இடது காது என்று எழுதினேன். டாக்டர் சீட்டை வழக்கம்போலக் கம்பியில் குத்தி வைக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் யார் சொல்வது என்று நாங்கள் பேசவே இல்லை.

முதலாளிக்கு இது எதுவும் தெரியாது. அவர் பட்டாளத்தில் படம் எடுத்துப் பழகியவர். முகத்தைப் பார்க்க மாட்டார், தலையின் தடிமனைத்தான் பார்ப்பார்.

நான் ஜெய்புன்னிசாவின் காது மடலை மடித்து ஒட்டினேன். அவள் ஒருக்களித்துப் படுத்தபடியே, "அண்ணே, இதுமாதிரியே ஒட்டி அனுப்பிடுங்க. எங்க அண்ணி பேசறது எதுவும் கேக்காது, நிம்மதியா கெடப்பேன்," என்றாள். ரஹிமா, "இப்ப மட்டும் கேட்டுகினு கிழிக்கிறியா," என்றாள். முதலாளி, "சும்மா கெடம்மா, மூச்ச புடி," என்று அதட்டினார். மூச்சைப் பிடித்தாள். தலை அசையவில்லை. அவ்வளவு நல்ல படம் அந்த வருஷம் நான் கழுவவில்லை.

ஈரம் சொட்டச் சொட்ட அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். வலது பக்கம் எலும்பு தேன்கூடு மாதிரி அறை அறையாக இருந்தது. இடது பக்கம் சுண்ணாம்பு பூசினதுபோல ஒரே வெள்ளை. முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"இங்க வா. இந்தக் கோடு இன்னா?"

"சைனஸ் சார்."

"வலது பக்கத்துல எங்க ஓடுது?"

"நல்லா பின்னால."

"இதுல?"

பார்த்தேன். இடது பக்கத்தில் அந்தக் கோடு வளைந்து முன்னால் வந்து, காது ஓட்டையின் ஓரத்தையே தொடுவதுபோல இருந்தது. சாதாரணமாக டாக்டர் உளி வைக்கிற இடத்தில்தான் அது ஓடியது.

"பின்னாலேர்ந்து கொத்தினாருன்னா நேரா ரத்தத்துலதான் போயி நிப்பாரு. காது ஓட்டை வழியா முன்னாலேர்ந்துதான் போவணும்," என்றார் முதலாளி. படம் காய்ந்ததும் மெழுகுப் பென்சிலால் அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டார். கவர் மேலும் சிவப்பு மையில், சைனஸ் முன்னால் தள்ளியிருக்கிறது, கவனிக்கவும் என்று எழுதினார். அவர் வேலையில் குறையே சொல்ல முடியாது. படத்தில் இருந்த எல்லாம் நிஜம். பேர் ஒன்றைத் தவிர.

4. சனிக்கிழமை

ஒன்பது மணிக்குக் கட்டைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன். கமால் பாய் டாக்டரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, மனசு நிற்கவில்லை. இரண்டு தடவை சைக்கிளைத் தொட்டுவிட்டு வந்தேன்.

பத்தேகாலுக்கு நர்ஸிங் ஹோம் ஆயா கன்னியம்மா மூச்சு வாங்க வந்தாள். கையில் அந்த ஒரு கவர்.

பெஞ்சில் முதலாளியும் இஸ்மாயில் பாயும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யப்பா ஏகாம்பரம், இது யாருது? ரஹிமான்னு எங்க கிட்ட கேஸே இல்லியாம். சிஸ்டர் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லிச்சி. ஜெய்புன்னு ஒரு பொண்ணு, அதும் படம் வரவே இல்லன்னு டாக்டரு குதிக்கிறாரு."

இஸ்மாயில் பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜெய்புனா? எந்த ஊரு பொண்ணு?"

"ஊரெல்லாம் எனக்கு இன்னா தெரியும் பாயி. உள்ள மயக்கம் குடுக்க ரெடியா படுக்க வச்சிருக்காங்க."

"எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு பேரும் அதான்," என்றார் அவர் முதலாளியைப் பார்த்து. "அது செய்யூர்ல கீது. மாமி வூட்டுல. ஒரே பேருல எத்தினி பேரு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, ஜெய்புன்னு ஒரு காதுப் படம் எடுத்தமா?"

நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். பக்கத்தைப் புரட்டினேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. வியாழனிலிருந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டை மாற்றினாலும் கூடவே வைத்திருந்தேன். இஸ்மாயில் பாய் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லிங்க. அப்பிடி யாரும் வரல," என்றேன்.

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த அப்பங்காரரும் மருந்துச் சீட்ட எடுத்துகினு போனவரு இன்னும் வர்ல. ஏதோ ஊசி இந்த ஊர்ல எந்தக் கடைலயும் இல்லியாம். கூட இருக்கற புள்ளக்காரிய கேட்டா, எல்லாம் மாமனாருக்குத்தான் தெரியும்ங்கறா. டாக்டரு பத்து நிமிசம் பாப்பாராம், வர்லன்னா படம் இல்லாமயே தொறப்பாராம். மயக்க மருந்து டாக்டருக்குப் பன்னண்டு மணிக்கு வேற எடத்துல கேஸு." அவள் கவரை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இதை எழுதும்போதும் அந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது. நான் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அவளோடு வாசல் வரை போய், இந்தக் கவரையே கொண்டு போ, இதுதான் அந்தப் பெண் என்று அவள் காதோடு சொல்லியிருந்தால் போதும். கல்யாணமும் போயிருக்காது. எழுந்தேன். எழுந்ததும் இஸ்மாயில் பாய், "எங்க ஓடற?" என்றார். வெறும் பேச்சுக்குத்தான் கேட்டார். நான், "டெவலப்பர்ல படம் கீது பாய்," என்று சொல்லிவிட்டு டார்க் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

டெவலப்பரில் ஒரு படம் இருந்தது உண்மை. அந்த லாரி கிளீனரின் மணிக்கட்டு. இரண்டாவது தடவை வந்திருந்தான். அதை எடுத்துத் தண்ணீரில் அலசி, படம் அழியாமல் நிற்க வைக்கும் பிக்ஸர் கரைசலில் போட்டேன். பிக்ஸரில் போட்ட படத்தை யாரும் காவல் காக்க வேண்டாம். அது கிடக்கும். நான் காத்தேன். சிவப்பு விளக்கில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிஷம் என்று அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கமால் பாய் ஊசியோடு வந்துவிட்டிருப்பார், வந்து சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படம் வெள்ளையெல்லாம் போய்த் தெளிந்தது. அப்புறமும் நின்றேன்.

வெளியே வந்தபோது இஸ்மாயில் பாய் போயிருந்தார். மணி பத்து நாற்பது. கவரை எடுத்து சட்டைக்குள் விட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். முதலாளி ஏதோ கேட்டார். நான் பெடலை மிதித்தேன்.

5. கண்ணாடிக் கதவு

நர்ஸிங் ஹோமுக்கு ஐந்து நிமிஷப் பாதை. தியேட்டர் வாசலில் ரஹிமா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு, "இன்னாண்ணே, நீங்க வந்திருக்கீங்க," என்றாள். கமால் பாய் இன்னும் வரவில்லை.

கதவுக் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேலே ஒரு விரல் அகலம் விட்டுப்போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். டாக்டரின் முதுகு தெரிந்தது. சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மாதிரி இடங்களில் டிரில் கிடையாது, உளியும் சுத்தியும்தான். டக், டக் என்று மெதுவாக, தட்டான் தட்டுவதுபோல.

கதவைத் தட்டினேன். சிஸ்டர் கொஞ்சமாகத் திறந்து, "ஆபரேஷன் நடக்குது, போ," என்றார்.

"சிஸ்டர், இது அந்தப் பொண்ணு படம்."

கவரைப் பார்த்தார். "இது வேற பேரு. காலையிலேயே திருப்பி அனுப்பிட்டோமே."

"அதுதான் சிஸ்டர். பேரு மட்டும்தான் வேற."

அவருக்குப் புரியவில்லை. கதவைச் சாத்தினார். நான் படத்தைக் கவரிலிருந்து உருவி, அந்த விரல் அகல இடத்தில் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளே யாராவது திரும்பிப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

சத்தம் நின்றது.

பிறகு டாக்டரின் குரல், "காஸ் துணி. இன்னும். இன்னும் குடும்மா. அழுத்திப் புடி," என்றது. சிஸ்டரின் செருப்பு ஓடுவது கேட்டது. ரஹிமா என் முகத்தைப் பார்த்துக் குழந்தையை மார்பிலிருந்து எடுத்துவிட்டாள். அது அழ ஆரம்பித்தது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. ஒரு கட்டத்தில் கதவு திறந்தது. சிஸ்டர் என் கையிலிருந்த படத்தைப் பிடுங்கிக்கொண்டு, "உள்ள வா, வாசல்லயே நில்லு," என்றார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கை உறை முழுக்கக் கறுத்த ரத்தம். சிஸ்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதலாளி போட்ட அம்புக்குறி அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது.

"எப்ப எடுத்தது இது?"

"வியாழக்கிழம சார்."

"இவளோடதா?"

"ஆமா சார். கல்யாணம் பேசியிருக்காங்கன்னு பேர மாத்தி எழுதச் சொன்னாங்க."

அவர் கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம், "பாருங்க, காது ஓட்டைக்கும் சைனஸுக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர்கூட இல்ல. இதப் பாத்திருந்தா நான் பின்பக்கமே வந்திருக்க மாட்டேன்," என்றார். திரும்பி மறுபடியும் குனிந்துவிட்டார்.

6. பிறகு

ஜெய்புன்னிசா பிழைத்தாள். ரத்தத்தை அடைத்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் ரத்தம் கொப்பளித்த அவசரத்தில் முக நரம்பு ஓடும் எலும்பும் நொறுங்கிவிட்டது. மயக்கம் தெளிந்தபோது முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டிருந்தது. வாய் வலப்பக்கம் கோணியது. இடது கண் மூடவில்லை. உள்ளே இருந்த புண்ணையும் முழுக்க எடுக்க முடியவில்லை.

டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "படம் இல்லாம தொறந்தது என் தப்பு. அத நான் அவங்க அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். மத்தது ஒன்னோடது. அத நீ சொல்லு."

கமால் பாய் பதினொன்றரைக்கு ஊசியோடு வந்தார். எங்கெங்கோ அலைந்து வாங்கியிருக்கிறார். படியில் அவரை நிறுத்திச் சொன்னேன். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன், டார்க் ரூமுக்குள் நின்றது உட்பட. அவர் ஊசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன் தம்பி."

"நான் நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் பாய்."

அவர் ஊசிப் பெட்டியோடு படியேறி உள்ளே போனார்.

கல்யாணம் நின்றுவிட்டது. முகத்தை எந்தப் பேரில் மறைப்பது? ஒரு மாதம் கழித்து இஸ்மாயில் பாய் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"அன்னிக்கி ஒன்ன கேட்டேன் ஏகாம்பரம். இல்லன்ன."

"ஆமா பாய். பயந்துட்டேன்."

"இன்னா பயம்? ஆமான்னு நீ சொல்லியிருந்தா நாங்க இன்னா பண்ணியிருப்போம்? வேணாம்னு சொல்லியிருப்போம். அவ்ளோதான். அதுக்கு வேற எடம் கெடச்சிருக்கும். மூஞ்சி நேரா இருந்திருக்கும்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ரெஜிஸ்டரை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து ஜெய்புன்னிசா மறுபடியும் வந்தாள். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷன், அதற்குப் புதுப் படம் வேண்டும். துணைக்கு ரஹிமா மட்டும். முதலாளி ரெஜிஸ்டரைத் திறந்து, "பேரு?" என்றார். ரஹிமா வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஜெய்புன்னிசா. வயசு பதினெட்டு. ஊரு கோவளம். அப்பா பேரு கமாலு. எல்லாத்தயும் பெரிசா எழுதுங்க." வாய் கோணியதால் பாதி எழுத்து காற்றாக வந்தது. வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.

நான் காது மடலை மடித்து ஒட்டினேன். அவள் மேலே பார்த்தபடி, "ஒட்டறதுதான் ஒட்டறீங்க, அந்தக் கண்ணையும் சேத்து ஒட்டிடுங்க. அதுவா மூட மாட்டேங்குது," என்றாள். ரஹிமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெட்ராஸில் புண்ணை எடுத்துவிட்டார்கள் என்றும், அந்தக் காது அடியோடு கேட்காமல் போனது என்றும் கேள்விப்பட்டேன். முகம் நேராகவில்லை. அதன்பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

என் மகள் இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பிறவியிலேயே காது கேளாத மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு, உள் காதில் கருவி வைப்பதற்கு முன்னால் சி.டி. எடுக்கிறார்கள். நாங்கள் ஒரே நிழலாகப் பார்த்த எலும்பை அதில் இழை இழையாக அறுத்துப் போட்டதுபோலப் பார்க்கலாம். சைனஸ் எங்கே, முக நரம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, நத்தை மாதிரிச் சுருண்ட எலும்புக்குள் கம்பி போக வழி இருக்கிறதா என்று டாக்டர் உட்கார்ந்த இடத்திலேயே அளந்துவிடுகிறார். ஆனால் திரையில் முதலில் என் கண் போனது மேல் மூலைக்குத்தான். அங்கே ஒரு பேரும் ஒரு வயதும். அதை இன்றைக்கும் ஒரு ஆள்தான் தட்டுகிறார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். படுக்க வைப்பதற்கு முன்னால் பேரைக் கேளுங்கள். அப்பாவிடம் கேட்காதீர்கள், அண்ணியிடம் கேட்காதீர்கள், சீட்டைப் பார்த்து நீங்களே சொல்லி ஆமாம் வாங்காதீர்கள். படுக்கப் போகிறவர் வாயால் சொல்லட்டும். குழந்தையென்றால் பெற்றவர் வாயால் கேட்டு, சீட்டோடு ஒத்துப் பாருங்கள். தப்பாக எழுதிவிட்டோம் என்று தெரிந்தால் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் உடனே சொல்லிவிடுங்கள். நான் அரை மணி நேரம் கழித்துச் சொன்னேன்.

ஒன்றை இதுவரை எழுதாமல் வந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அன்று வாயை மூடினேன் என்பதுபோல மேலே எழுதியிருக்கிறேன். அது பாதிதான். வியாழக்கிழமை ரெஜிஸ்டரில் ரஹிமா என்று நான் எழுதி முடித்ததும், கமால் பாய் ஒரு நோட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை முதலாளி கேட்டபோது, பணம் வாங்கியது வெளியே வந்துவிடும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம். படியில் நின்று கமால் பாயிடம் எல்லாம் சொன்னபோதும் அந்தப் பணத்தை எடுத்து நீட்டக் கை வரவில்லை. பிறகு இரண்டு தடவை கோவளம் வரை பஸ்ஸில் போனேன். ஒரு தடவை கடை பூட்டியிருந்தது. இன்னொரு தடவை கடை திறந்திருந்தது, ஜெய்புன்னிசாதான் நூல் எடை போட்டுக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்ததோடு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். கமால் பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் மகளுக்கு நான் தர வேண்டியது பத்து ரூபாய்.